கண் பொய்யா, காமிரா பொய்யா?

புறநகர்வாசி நண்பர் ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து ஓரையன் நெபுலாவைப் படம் பிடித்திருந்தார். ரோஜா நிறத்தில், சிறகு விரித்த பறவை மாதிரி அபாரமாக இருந்தது. அவருடைய எட்டு வயது மகள் டெலஸ்கோப்பில் எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் பிசிறு. “போப்பா, நீயா கலர் அடிச்சுட்டே!” என்று டி.வி. பார்க்கப் போய்விட்டாள்.

நண்பர் என்னிடம் கேட்டார்: “நான் பொய் சொல்றேனா சார்?”

1883-ல் லண்டன் புறநகரான ஈலிங்கில், ஆண்ட்ரூ காமன் என்கிற இன்ஜினீயர் தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல அகலக் கண்ணாடி பொருத்திய டெலஸ்கோப்பை வைத்து இதே நெபுலாவைப் படமெடுத்தார். முதல் படம் அதுவல்ல. 1880-லேயே அமெரிக்காவில் ஹென்றி ட்ரேப்பர் 51 நிமிஷம் பிளேட்டைத் திறந்துவைத்து எடுத்துவிட்டார். காமன் படத்தின் விசேஷம் வேறு. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் அதில் விழுந்திருந்தன. யாரும் பார்க்காததைக் காட்டிய படம்! ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டி கோபித்துக்கொள்ளவில்லை; 1884-ல் தங்கப் பதக்கம் கொடுத்தது.

காரணம், நம் கண்ணுக்குச் சேமிக்கத் தெரியாது. வந்த வெளிச்சத்தை உடனே செலவழித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டும். மங்கலில் அதற்கு நிறமும் பிடிபடாது. காமிரா சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறது. அந்தச் சிவப்பு, ஹைட்ரஜன் நிஜமாகவே அனுப்பியது. சுமார் 1,340 வருஷம் பயணம் செய்து கொல்லைப்புறத்துக்கு வந்திருக்கிறது.

சரி, எதுவரை நிஜம்? நண்பர் நூறு படங்களை ஒன்றாக அடுக்குகிறார். தெருவிளக்கு மூட்டத்தைக் கம்ப்யூட்டரில் கழிக்கிறார். குறுக்கே போன சாட்டிலைட்டின் கோட்டை அழிக்கிறார். நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறார். என் கணக்கு இதுதான்: வந்த ஒளியைச் சேர்க்கலாம், குறுக்கிட்டதைக் கழிக்கலாம். வராததை வரைந்தால் பொய். நிறத்தைத் தூக்கினால், தூக்கினேன் என்று சொல்லிவிட வேண்டும்.

மனிதர்களையும் ஒரே பார்வையில்தான் எடை போடுகிறோம். இரண்டு நிமிஷம் பேசிவிட்டு ‘உம்மணாமூஞ்சி’ என்று முடிவு கட்டுகிறோம். வருஷக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் சிலரின் நிறம் தெரிகிறது. அது அவர்களிடமிருந்து வந்ததா, பிரியத்தில் நாம் பூசியதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் தீர்ப்பை நண்பர் சந்தோஷமாக மகளிடம் ஒப்பித்திருக்கிறார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாளாம்: “சாட்டிலைட் நிஜமாத்தானேப்பா போச்சு? அதை ஏன் அழிச்சே?”

நண்பரிடம் பதில் இல்லை. என்னிடமும்.