எரித்துவிட்டால் பொறுப்புத் தீருமா?

"வாசலுக்கு வரும் வண்டியில் குப்பையைப் போட்டுவிட்டோம். வரியும் கட்டுகிறோம். அப்புறம் அது எங்கே போனால் நமக்கென்ன?" அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து மஹல்லாக்களில் ஜும்ஆ முடிந்து நின்று பேசும்போது இந்தப் பேச்சு நம் காதில் விழுவதுண்டு. வெளிநாடு கண்டு வந்த அன்பர்கள் இதையே சற்று நயமாகச் சொல்வார்கள்: "ஹஜ்ரத், சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். இங்கேயும் அப்படி ஓர் ஆலை வந்துவிட்டால் தீர்ந்தது. வீட்டுப் பெண்களை இரண்டு வாளி வைக்கச் சொல்லித் தொந்தரவு செய்வானேன்?"

கேள்வி அற்பமானதன்று. ஒரு பொருளை நாம் கை கழுவிய பிறகும் அதன் மீது நமக்குப் பொறுப்பு உண்டா என்பதே இதன் உட்பொருள். முதலில் சிங்கப்பூரைப் பார்ப்போம். நம் மக்களில் பலருக்கு அங்கே உற்றார் உறவினர் இருக்கின்றனர்.

அது ஒரு சிறு தீவு. குப்பையைக் கொட்ட இடமில்லை. ஆகவே 1979-லேயே உலு பாண்டானில் எரிப்பாலை கட்டினார்கள். பின்னர் துவாஸ் முதலிய இடங்களிலும் கட்டினார்கள். எரித்தால் குப்பையின் பருமன் பத்தில் ஒரு பங்காகக் குறையும். அந்த வெப்பத்தில் நீராவி எழுப்பி மின்சாரம் எடுக்கிறார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு சாம்பல் எங்கே போகிறது என்று நம் அன்பர்கள் கேட்பதில்லை. படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டு போகிறார்கள். செமாக்காவ், சாக்கேங் என்ற இரு சிறு தீவுகளைச் சேர்த்துக் கடலில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லணை கட்டி, அதனுள் 1999 முதல் கொட்டி வருகிறார்கள். அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அந்நாட்டு அரசே அறிவித்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அத்தனை ஒழுங்கு மிக்க அந்த நாட்டில், 2023-ஆம் ஆண்டு வீட்டுக் குப்பையில் மறுபடி பயன்பாட்டுக்குப் போனது 100-க்கு 12 பங்குதான். எல்லாவற்றையும் ஆலை விழுங்கிவிடும் என்றால் பிரித்து வைக்கக் கை எழுவதில்லை போலும்!

தீவில் வாழ்பவனுக்கு "வெளியே" என்று ஓர் இடம் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நமக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூரின் குப்பை கொடுங்கையூருக்குப் போகிறது. ஆவடிக்குச் சேக்காடு. கொடுங்கையூரில் பல பத்தாண்டுகளாகக் குவிந்தது மலையாகவே நிற்க, அதைக் கிளறிப் பிரிக்கும் வேலை இப்போது நடக்கிறது. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றை அமைக்க மாநகராட்சி திட்டமிட்டபோது, 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்றார்கள். நம் வீட்டு வாளி அவர்கள் தெருமுனையில்தான் கவிழ்கிறது.

இனி ஃபிக்ஹுக்கு வருவோம். மத்ரஸாவில் ஓதியவர்கள் உடனே "இஸ்திஹாலா"வை நினைவுகூர்வார்கள். ஒரு பொருள் தன் இயல்பே மாறி வேறொன்றாகிவிட்டால் அதன் சட்டமும் மாறிவிடும் என்பது அது. உப்பளத்தில் விழுந்த கழுதை காலப்போக்கில் உப்பாகிவிட்டால் அந்த உப்பு சுத்தமானதே. சாணம் எரிந்து சாம்பலானால் அந்தச் சாம்பலும் சுத்தமே என்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்து. ஹனஃபி மத்ஹபில் ஃபத்வாவும் அதன்மீதே. ஷாஃபிஈ மத்ஹபினர் இதற்கு இத்தனை இடம் தருவதில்லை. மது தானாகக் காடியாவது, செத்த பிராணியின் தோல் பதனிடப்படுவது போன்ற சிலவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். நஜீஸ் எரிந்த சாம்பல் அவர்களிடம் நஜீஸே.

இதைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, எரித்தால் எல்லாம் முடிந்தது" என்று வாதிடுபவர் ஒன்றை மறந்துவிடுகிறார். இஸ்திஹாலா பொருளைப் பற்றிய சட்டம். ஆடையில் பட்டால் கழுவ வேண்டுமா, வேண்டாமா என்பதை அது சொல்லும். அப்பொருளால் இன்னொருவருக்கு விளைந்த கேட்டுக்கு யார் பதில் சொல்வது என்பது வேறு பாடம். எரிப்பாலைச் சாம்பலில் ஈயம் முதலான உலோகங்கள் தங்கிவிடுகின்றன. உடலில் சேர்ந்தால் குழந்தைகளுக்கு ஆகாது. அந்தச் சாம்பல் தொழுகைக்குச் சுத்தமாக இருக்கலாம், பிள்ளையின் நுரையீரலுக்கு?

அந்த வேறு பாடத்தில் நம் இமாம்கள் கண்டிப்பானவர்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எழுதிய மின்ஹாஜில், இழப்பீடு பற்றிய பகுதியில், வீடு பெருக்கிய குப்பையும் தர்பூசணித் தோலும் பேசப்படுகின்றன! ஒருவர் அவற்றை வழியில் போட, அதனால் இன்னொருவருக்குச் சேதம் நேர்ந்தால் போட்டவரே ஈடு செய்ய வேண்டும் என்பதே சரியான கருத்து என்று தீர்ப்பளிக்கிறார்கள். தோல் அவர் கையை விட்டுப் போயிற்று. அது அவருக்கு வேண்டவும் வேண்டாம். ஆயினும் பொறுப்பு அவரை விடவில்லை. பாதையில் கிடக்கும் இடர் தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்த ஹதீஸ். அதைப் பிறர் பாதைக்கு மாற்றி வைப்பது அகற்றுவதாகுமா?

ஆலையே கூடாது என்று நாம் ஃபத்வா கொடுக்கவில்லை. எந்த இயந்திரம் நல்லது என்பதைத் துறை அறிந்தோர் சொல்லட்டும். ஆனால் ஆதாயம் யாருக்கோ அவரே நட்டத்தையும் சுமக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் பொது விதிகளில் ஒன்று. கொடுங்கையூரில் எடுக்கும் மின்சாரம் கம்பி வழியே அம்பத்தூருக்கும் வரும். புகையும் சாம்பலும் கம்பி வழியே வருவதில்லை.

நம் வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு சோறும் காய்கறித் தோலுமான ஈரப்பொருள். ஈரம் எளிதில் எரியாது. நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் பெரும்பகுதி செலவாகிவிடும். அதையே மூடிய தொட்டியில் புளிக்க விட்டால், கிராமத்தில் சாண எரிவாயு எடுப்பது போல அடுப்பெரிக்கும் வாயு கிடைக்கும், மிச்சம் உரமாகும். ஆனால் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்துவிட்டால் அந்த வழி அடைபட்டது. 2016-ல் மத்திய அரசு வகுத்த விதிகள் வீட்டிலேயே பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான். யோசித்துப் பாருங்கள்: சோறு நிஃமத்து, காகிதம் விலைபோகும், சீசாவும் விலைபோகும். மூன்றையும் ஒரே பையில் திணித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் அதற்குக் குப்பை என்று பெயர். அந்த முடிச்சைப் பின்னர் வெறுங்கையால் அவிழ்ப்பவர் ஒருவர் இருக்கிறார். உடைந்த கண்ணாடியும் குழந்தையின் டயப்பரும் அவர் கையில்தான் படுகின்றன.

மைமூனா (ரலி) அவர்கள் வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்ததைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தக்கூடாதா என்று கேட்டார்கள். உண்ணத்தான் ஹராம் என்று விளக்கினார்கள். செத்த ஆட்டிலேயே பயன் தேடச் சொன்ன மார்க்கம் இது. பழைய இரும்பும் காகிதமும் வாங்கும் கடைக்குச் சென்னையில் காயலான் கடை என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் என்பார்கள். குர்பானித் தோல்களை மத்ரஸாக்களுக்குக் கொடுத்து வந்தோம். அண்மை ஆண்டுகளில் தோல் விலை விழுந்ததும் அதே தோல் குடலோடு சேர்ந்து ஏரிக்கரைக்குப் போவதைப் பார்க்கிறோம். விலை போனதால் அது குப்பையாகிவிட்டதாம்!

கடைசியாகத் தாய்மார்கள் கேட்பது ஒன்றுண்டு. அதில் நியாயமும் உண்டு. "நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" அமானிதத்தை உரிய முறையில் ஒப்படைத்தவர் மீது குற்றமில்லை, அதற்குப் பின் அதைப் பாழாக்கியவரே பொறுப்பாளி. எனவே வீட்டில் இரண்டு வாளி வைப்பது நம் பங்கு. லாரியில் ஏன் ஒன்றாகக் கொட்டுகிறீர்கள் என்று கேட்பது ஜமாஅத்தின் பங்கு. அதற்குப் பெரிய மாநாடு வேண்டாம். திங்கட்கிழமை காலையில் வார்டு அலுவலகத்துக்குப் போக நான்கு பேர் போதும்.