மலையும் மௌனமும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மோட்டாரில் ஏறிச் செல்பவர், சமவெளியின் இரைச்சல் வளைவுக்கு வளைவு தேய்ந்து, மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் பலாத் தோப்புகளும் சூழ்ந்த நிசப்தத்தில் தம் சித்தமும் தானே அடங்கிவிட்டதாக எண்ணுவது இயல்பே. எனினும், எங்கும் நிறைந்த பரம்பொருள் மலையில் மட்டும் நமக்குச் சமீபிப்பானேன் என்ற சந்தேகம் சிந்திப்பவர் உள்ளத்தில் எழாமற் போகாது.

அம்மலையிலுள்ள அறப்பளீசுவரர் ஆலயத்துக்கு அருகே, நெடும்படிகள் இறங்கிக் காண வேண்டிய பள்ளத்தில், ஆகாய கங்கை அருவி ஓயாத பேரோசையோடு வீழ்கிறது. அவ்வோசை எவருடைய தியானத்தையும் கலைப்பதில்லை. ஊரிலோ, அண்டை வீட்டாரின் அற்பச் சொல்லொன்று நம் நித்திரையையே கெடுத்துவிடுகிறது. அருவி நம்மைப் புகழ்வதுமில்லை, இகழ்வதுமில்லை. ஆகவே நம் அகங்காரம் பற்றிக்கொள்ள அங்கே கொம்பில்லை.

அம்மலையிலேயே சாமையும் தினையும் விதைத்து, மழையையும் விலையையும் எண்ணிக் கவலையுறும் மலையாளிப் பழங்குடியினருக்கு அதே நிலம் ஜீவனத்தின் களமாக இருக்கிறது. அவர்களும் அங்கேதான் ஈசனைத் தொழுகின்றனர். ஆதலால் நாம் மலையில் அடையும் சாந்தி, பற்றைச் சிறிது நேரம் இறக்கிவைத்ததன் பயனே. அப்பற்றைச் சந்தை நடுவிலும் இறக்கிவைக்கக் கற்றவருக்கே அந்தப் பயணம் க்ஷேத்திர யாத்திரையாகும். மற்றவருக்கு அது உல்லாசப் பிரயாணமே.