அறியாத பிள்ளைக்கு எழுதும் உரிமை



ஒருவர் ஆடுவதைக் கண்டு களித்தோம் என்பதனால் மட்டும் அவருடன் பேசும் உரிமை நமக்கு உண்டாகிவிடுகிறதா? இவ்வினா முதற்பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும். ஆயின் ஆடுபவர் பதினான்கு வயதுச் சிறுவராகவும், பேச விரும்புவோர் பல்லாயிரவராகவும், அவர்கள் அனைவர் சொல்லும் அச்சிறுவரின் கைபேசியிலேயே நேரே சென்று விழுவதாகவும் இருக்கும்போது, இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

பீகார் மாநிலம் சமஸ்திபூர் மாவட்டத்தைச் சேர்ந்த வைபவ் சூர்யவன்ஷி என்னும் சிறுவனை, 2024 நவம்பரில் ஜெட்டா நகரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் ராஜஸ்தான் ராயல்ஸ் அணியினர் 1 கோடியே 10 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தனர். அப்போது அவனுக்கு வயது 13. அடுத்த ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஜெய்ப்பூரில் குஜராத் அணிக்கு எதிராக 35 பந்துகளில் சதம் அடித்தான். பின்னர்த் தன் பயிற்சியாளர் ராகுல் திராவிடிடம் உரையாடுகையில், ஐந்நூறுக்கு மேற்பட்ட அழைப்புகள் எடுக்கப்படாமல் கிடந்தன என்றும், கைபேசியைச் சில நாள் அணைத்தே வைத்திருந்ததாகவும், தன்னைச் சுற்றிப் பலர் கூடுவது தனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்றும் கூறினான். நாம் ஊன்றி நோக்க வேண்டியது இதுவே. அவை சதம் அடித்தமைக்காக வந்த அழைப்புகள். வைவதற்காக வந்தவை அல்ல. அன்பின் மிகுதியே ஒரு பிள்ளையைக் கதவடைத்துக்கொள்ளச் செய்தது.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், மாணவியர் விடுதிக்கு வரும் கடிதங்கள் முதலில் தலைமையாசிரியையின் மேசைக்குச் சென்று, பின்னரே உரியவரைச் சேரும். அம்முறையைக் கடுமை எனக் குறைகூறியோர் அன்றும் உண்டு. அது முழுதும் நியாயம் என்று நாமும் வாதிட வரவில்லை. ஆயினும் அறியாதவர் ஒருவர் எழுதிய சொல் பிள்ளையின் கண்ணில் படுமுன் பெரியவர் ஒருவரின் கண்ணில் பட்டது. எழுதுபவருக்கும் அன்று ஒரு தடை இருந்தது. முகவரி தேட வேண்டும், இன்லாண்டு கடிதம் வாங்க வேண்டும், எழுதி ஒட்டி அஞ்சற்பெட்டி வரை நடக்க வேண்டும். பாதி வழியில் சினம் தணிந்து கடிதத்தைக் கிழித்தவர் எத்தனை பேரோ! இன்று சினம் எழுந்த நொடிக்கும் அது பிறர் நெஞ்சில் தைக்கும் நொடிக்கும் இடையே நடப்பதற்கு வழியே இல்லை.

அமெரிக்க நாட்டில் பள்ளி முடிக்கும் விளையாட்டு வீரர்களைத் தம் அணியில் சேர்க்கப் பல்கலைக்கழகங்கள் போட்டியிடுவது வழக்கம். 2009இல் ஜான் வால் என்னும் கூடைப்பந்து இளைஞர் எங்குச் சேர்வார் என்பது பெரும் பேச்சாக இருந்தது. அவரைத் தம் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வருமாறு வேண்டி, அங்குப் பயின்ற மாணவர் ஒருவர் முகநூலில் குழு ஒன்று தொடங்கினார். அதனை நிறுத்துமாறு அப்பல்கலைக்கழகமே அவருக்குக் கடிதம் அனுப்பியது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கத்தின் விதிப்படி, அணியின் அன்பர்கள் இவ்வாறு வருந்தி அழைப்பதும் ஆள்சேர்ப்பு முயற்சியாகிவிடும் என்பது அதன் கருத்து. பலர் இதனைக் கேட்டு நகைத்தனர். மாணவனின் பேச்சுரிமை என்னாயிற்று என்றும் வினவினர். ஜான் வால் இறுதியில் கென்டக்கிக்குச் சென்றுவிட்டார். விதி மிகையாகவே இருக்கலாம். ஆனால் எங்குப் பயில்வது என்னும் ஓர் இளைஞனின் முடிவில், அவன் குடும்பத்தாரும் அல்லாத, ஆசிரியரும் அல்லாத ஓராயிரம் பேர் ஒரே நேரத்தில் கை வைப்பது முறையன்று என்னும் எண்ணம் அவ்விதியின் அடியில் இருக்கிறது. அதனை நகைத்துத் தள்ள நம்மால் இயலவில்லை.

இளைஞர் பலர் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருக்கின்றனர். "வரும் ஆயிரத்தில் என்னுடையது ஒன்று, அவர் அதைப் படிக்கவா போகிறார்?" என்பர். தருக்கம் பயின்றோர் இதனை இரு கூறாக்கிப் பார்ப்பர். அவர் படிக்கமாட்டார் எனின் எழுதுவது யாருக்காக? நம் ஆசையைத் தீர்த்துக்கொள்வதற்கே. படிப்பார் எனின், ஆயிரத்தில் ஒன்று என்னும் சாக்கு நில்லாது. நேரில் நின்று அவர் முகம் பார்த்துச் சொல்லத்தக்க சொல்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாகும். ஆயிரவர் ஒவ்வொருவரும் தம்மைத் தனி ஒருவராகவே எண்ணுகின்றனர். பெறுபவரோ அவ்வாயிரத்தையும் ஒரே மூட்டையாகச் சுமக்கிறார்.

வினையைக் கணக்கிடும்போது, செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என மூன்றையும் சேர்த்தே கணக்கிடுவது நம் மரபு. சிறுவயதில் நமக்கு இதனைக் கற்பித்தபோது, மூன்றாவது ஏன் என்று விளங்காமலிருந்தது. உடன்பட்டவர் என்ன செய்துவிட்டார் என்று தோன்றும். கைபேசி வந்தபின் அதற்கு விளக்கம் தேவையில்லை. வசையை எழுதுபவர் ஒருவர். பிறர்க்கு அனுப்பிப் பரப்புபவர் நூற்றுவர். அதன் கீழ்ப் பெருவிரல் குறியிட்டு மகிழ்பவர் பதினாயிரவர். அக்குறியின் எண்ணிக்கைதான் வசையைப் பெற்றவரை உறங்கவொட்டாமல் செய்கிறது.

2020 அக்டோபரில் அபுதாபியில் சென்னை அணி கொல்கத்தாவிடம் தோற்றது. அதன்பின், அணித்தலைவர் தோனியின் ஐந்து வயது மகளைக் குறித்து இன்ஸ்டாகிராமில் வந்த மிரட்டல் இவ்வேட்டில் எழுதத் தகாதது. காவல்துறையினர் தேடிப் பிடித்தபோது, எழுதியவன் குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் வாழும் 16 வயது மாணவன் எனத் தெரிந்தது. செய்தியைப் படித்தோர் அவனைக் கொடியவன் என்றனர். வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த நமக்கோ அவ்வயதுப் பிள்ளைகளை நன்கு தெரியும். பின்வரிசையில் அமர்ந்து, அணி தோற்ற மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். வாயில் வரும் சொல்லின் எடை அவர்களுக்குத் தெரியாது; சொன்ன இடத்திலேயே ஆசிரியரோ பாட்டியோ தடுத்துத் திருத்துவர். இவன் சொன்ன இடத்தில் எவரும் இல்லை. இதனால் அவன் செய்தது சிறிதாகிவிடாது. ஓர் ஐந்து வயதுக் குழந்தையின் தாய் அன்றிரவு என்ன பாடுபட்டிருப்பார் என்பதை எவ்வயதும் தணித்துவிடாது.

ஆடுபவர் பணம் பெறுகிறார், புகழ் பெறுகிறார், ஆகவே பொறுக்கத்தான் வேண்டும் என்பதும் ஒரு வாதம். ஏலத்தில் விலை வைத்தது ஆட்டத்திற்கு, உறக்கத்திற்கு அன்று. ஆட்டத்தைக் குறைகூறும் உரிமை காண்போர்க்கு உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. திண்ணையில் பேசுவோம், நாளிதழுக்கு எழுதுவோம். ஒருவரைப் பற்றிப் பேசுவது வேறு. அவர் காதில் சென்று பேசுவது வேறு. நாக்பூரைச் சேர்ந்த திவ்யா தேஷ்முக், 2024 சனவரியில் நெதர்லாந்தில் ஆடி முடித்தபின், காண்போர் தம் காய்நகர்த்தலை விட்டுத் தம் உடை, கூந்தல், உச்சரிப்பு ஆகியவற்றையே பேசினர் என வருந்தி எழுதினார். அப்போது அவருக்கு வயது 18. 2025 சூலையில் அவர் மகளிர் உலகக் கோப்பையை வென்றார் என்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் வெல்லாதிருந்தாலும் அவர் வருத்தம் வருத்தந்தான்.

இவையெல்லாம் தொலைவில் நடப்பவை எனத் திருமுல்லைவாயிலில் இருப்போர் எண்ணவேண்டா. சி.டி.எச். சாலையில் சிறிது தொலைவு சென்றால் வரும் பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தா 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர். தமக்கை வைசாலியும் அப்பட்டம் பெற்றவர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலகப் பட்டம் வென்ற குகேஷ், மேல் அயனம்பாக்கத்துப் பள்ளியில் பயின்றவர். இவர்களைக் கண்டு நம் பகுதியில் சதுரங்க வகுப்பு இல்லாத தெருவே அரிதாகிவிட்டது. (கணக்குப் பாடத்துக்கு இத்தனை கூட்டம் வந்ததில்லை!) எனவே செய்தியைப் பெறும் பிள்ளையும் நம் வீட்டில் உண்டு, அனுப்பும் பிள்ளையும் நம் வீட்டில் உண்டு.

நம் தெருவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மாவட்டப் போட்டியில் பரிசு பெற்றாள். உறவினர் பலர் அவளுடன் பேச எண் கேட்டனர். அவள் அன்னை தம் எண்ணையே கொடுத்தார். வாழ்த்துகள் வந்து குவிந்தன; பொழுது சாயுமுன் உண்ண அமர்ந்தபோது அவற்றுள் நான்கைப் படித்துக் காட்டினார். சிறுமி கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள். பின்னர், கோப்பையை மறுநாள் பள்ளிக்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்டாள்.