அண்ணாந்து பார்க்கும் பாடம்

சிவகாசியின் வறண்ட வெயில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உகந்தது. சிவகாசி இருக்கும் அதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, செண்பகத்தோப்புக் காட்டில், சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. 1988-இல் அதற்கெனச் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் இணைந்தது.

உச்சிக் கிளைகள் ஒன்றோடொன்று சேருமிடத்தில் அந்த அணில் கூடு கட்டும். ஆபத்து வந்தால் தரையிறங்காமல் மரத்துக்கு மரம் தாவித் தப்பும். நடுவே ஒரு மரத்தை வெட்டினாலும் அதன் வழி அறுந்துபோகும்.

இதைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை மதிப்பெண் வாங்கும். வனத்துறையினர் துணையோடு காட்டுக்குப் போய், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த பிள்ளையோ, நாளை அந்த மரத்துக்காகப் பேசும். ஆண்டுக்கு ஒரு நாளாவது பள்ளிகள் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்லட்டும்.