கொல்லன் கடன்

கெடா மாநிலத்தில் பீடோங் நகரிலிருந்து மெர்போக் நோக்கிச் செல்லும் வழியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சுங்கை பத்து என்னும் இடம் உள்ளது. 2009-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கு அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும், துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய களிமண் குழாய்களும், குவியல் குவியலாக இரும்புக் கிட்டமும் வெளிப்பட்டன. பட்டினப்பாலை கூறும் காழகத்திற்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். அக்கடாரம் இரும்பு உருக்கிய மண்ணும் ஆகும் என்பதற்கு இக்கிட்டமே சான்று. ஆயினும் அவ்வுலைகளிலிருந்து சென்ற இரும்பு ஏருக்குக் கொழுவாயிற்றா, வீரனுக்கு வேலாயிற்றா என்பதைக் கிட்டத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது.

கொல்லனையும் வேலையும் நினைத்த அளவில் தமிழாசிரியர்க்குப் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் நினைவுக்கு வரும். மகனைப் பெற்று வளர்ப்பது தாயின் கடன். அவனைச் சான்றோனாக்குவது தந்தையின் கடன். அவனுக்கு வேல் செய்து தருவது கொல்லனின் கடன். அவனுக்கு வேண்டியதை அளிப்பது வேந்தனின் கடன். களத்தில் யானையை வீழ்த்தி மீள்வது அவன் கடன் என்பது அப்பாட்டின் கருத்து. வேந்தன் அளிப்பது நன்னடையா, தண்ணடையா என்று பாட வேறுபாடு உண்டு. நல்லொழுக்கம் என்று கொள்வாரும் மருதநிலம் என்று கொள்வாரும் உளர். பள்ளி விழா மேடைகளில் இப்பாட்டு எடுத்தாளப்படும்போது பெரும்பாலும் தாயும் தந்தையுமே பேசப்படுவர். கொல்லனைப் பற்றிப் பேசுவார் அரியர். இன்று பேசப்பட வேண்டியவன் அவனே.

கொல்லனின் உலைக்களத்திற்கு அரசே பொருள் கொண்டு வரும் காலம் இது. 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையில் நடந்த படைக்கலக் கண்காட்சியில், இந்திய அரசு ஐடெக்ஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. படைத்துறை தன்னால் தீர்க்க இயலாத சிக்கல்களை வெளிப்படையாக அறிவிக்கும். புதிதாகத் தொடங்கப்பட்ட சிறு நிறுவனங்கள் தீர்வுடன் முன்வரும். தேர்வு பெற்ற நிறுவனத்துக்கு முன்மாதிரிக் கருவி செய்ய 1.5 கோடி ரூபாய் வரை மானியம் கிடைக்கும். பெரிய முயற்சிகளுக்கு அத்தொகை பின்னர் 10 கோடி வரை உயர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு சனவரியில் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து நகரங்களை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கி வைக்கப்பட்டது. மலேசியாவிலும் 2019 டிசம்பரில் நாட்டின் முதல் பாதுகாப்பு வெள்ளை அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பாதுகாப்பு சார்ந்த அறிவியலையும் தொழிலையும் உள்நாட்டிலேயே வளர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இவ்வழியில் முன்னோடி அமெரிக்காவே. சோவியத் நாடு 1957-இல் ஸ்பூட்னிக்கை ஏவியதும், மறு ஆண்டே அது படைத்துறை ஆய்வுக்கெனத் தனி நிறுவனம் கண்டது. இன்றைய இணையம் அந்நிறுவனம் 1969-இல் அமைத்த கணினி வலையிலிருந்து கிளைத்ததாகும்.

அரசு பொருள் ஈவதும் படை பெருக்குவதும் தமிழ் அறத்திற்குப் புறம்பானவை அல்ல. வள்ளுவர் அரணை 75-ஆம் அதிகாரத்திலும் படைமாட்சியை 77-ஆம் அதிகாரத்திலும் வைத்து, இடையே பொருள் செயல்வகையை வைத்தார். பொருளின்றி அரணும் இல்லை, படையும் இல்லை என்பதற்கு இவ்வரிசை முறையே போதும். ஆனால் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவரும் அவரே. அது துறவறவியலில் உள்ளது, துறவிக்கே உரியது என்று ஒதுக்கிவிட்டு நிம்மதி காண்பார் உளர். அவ்வளவு எளிதில் அதனை ஒதுக்கிவிட முடியுமா?

இவ்வினா கெடாவின் தோட்டப்புறத்துக்குத் தொலைவில் உள்ளதன்று. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. பாட்டன் பால்மரம் சீவினார். பேரன் கூலிமிலோ சுங்கை பட்டாணியிலோ மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் கூடத்தில் பணி செய்கின்றான். நாளை அவனே இரு நண்பரோடு சேர்ந்து சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கலாம். செம்பனைக்கு மருந்து தெளிக்கும் ஆளில்லா வானூர்தி ஒன்றை அவர்கள் செய்வதாகக் கொள்வோம். மருந்துக் கலத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வெடிகுண்டைக் கட்டினால், அவ்வூர்தி அதையும் சுமந்து பறக்கும். 2022 முதல் உக்ரேன் போர்க்களத்தில் கடையில் வாங்கிய சிறு வானூர்திகளே அவ்வாறு பயன்பட்டதை உலகம் கண்டது. தெளிப்பானுக்குக் கடன் தர வங்கி தயங்கும் நிலையில், படைத்துறையின் மானியம் வந்தால் அவ்விளைஞர் யாது செய்வது?

வாங்கவே கூடாது என்று சொல்வார் கெடாவின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும். 1941 டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில் ஜப்பானியப் படை ஜித்ராவில் பிரிட்டிஷ் அரண் வரிசையைத் தகர்த்தது. காத்து நின்றோருள் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். எதிரியிடம் டாங்கிகள் இருந்தன; மலாயாவைக் காக்க நின்ற படையிடம் ஒரு டாங்கியும் இல்லை. மூன்று திங்களாவது தாங்கும் என்று நம்பிய அரண் இரண்டு நாளில் வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்கு விலை கொடுத்தவர் யார்? படைக்கலம் வாங்காது விட்ட அதிகாரிகளைவிட, தோட்டத்து இலயங்களில் வாழ்ந்த தமிழ் மக்களே அதிகம் கொடுத்தனர். பல்லாயிரவர் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பர்மாவை இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவாலும் பட்டினியாலும் அதன் ஓரத்தில் மாண்டவர்களுக்குக் கணக்கு எழுதி வைப்பாரும் இல்லை. தந்தை திரும்பி வராத வீடுகள் கெடாத் தோட்டங்களில் எத்தனையோ! காக்கும் கருவி இல்லாத நாட்டில் முதலில் அழிபவர் எளியவரே என்பதை இம்மண் ஏட்டில் படித்து அறிந்ததன்று. ஆகவே வேல் வடிக்கும் கொல்லனைப் பாவி என்று பழிப்பது அறமாகாது.

அதே வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. விடியற்காலையில் நெற்றி விளக்கோடு நிரைக்குச் சென்று மரம் சீவிய தொழிலாளி, தான் வடித்த பால் எங்குச் செல்கிறது என்று அறிந்தாரில்லை. அது படை வண்டிகளுக்குச் சக்கரமாயிற்று. போர் விமானங்களுக்கும் சக்கரமாயிற்று. 1950-இல் கொரியப் போர் மூண்டதும் ரப்பரின் விலை வெகுவாக ஏறியது. எங்கோ ஒரு தீபகற்பத்தில் மக்கள் மடிந்ததால் இங்கே கணக்கப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. இதனை நினைத்து வருந்தியவர் அன்று எத்தனை பேர் என்பது ஐயமே.

அதற்கு முன்பே மற்றொன்று நிகழ்ந்துவிட்டது. ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றியதும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வரும் வழி அடைபட்டது. உடனே அந்நாட்டு அரசு தன் பொருளைக் கொடுத்து ஆலைகளைக் கட்டியது; போட்டி நிறுவனங்களைத் தம் கண்டுபிடிப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்தது; சில ஆண்டுகளுக்குள்ளேயே செயற்கை ரப்பரை மலைபோல் குவித்தது. பாதுகாப்புக்காக அரசு பொருள் ஈந்து வளர்த்த புத்தாக்கத்திற்கு இதைவிடச் சிறந்த வெற்றியைக் காட்டுவது அரிது. போர் முடிந்தது, ஆலைகள் நின்றுவிடவில்லை. 1960-களில் உலகச் சந்தையில் செயற்கை ரப்பர் இயற்கை ரப்பரை முந்தியது. அந்த நெருக்கத்தின் சுமை கெடாவில் மரம் சீவியவரின் கூலியிலும் வந்து இறங்கியது. அந்த ஆலைகளுக்குத் திட்டம் தீட்டியவர் எவரும் அவருக்குத் தீங்கு எண்ணியவர் அல்லர். அப்படி ஒருவர் இருப்பதை எண்ணிப் பார்த்தவரும் அல்லர். மானியம் பேசப்படும் மேசையைச் சுற்றி அமைச்சகமும் படைத்தலைவரும் நிறுவனத்தாரும் அமர்வர். அதன் விளைவைச் சுமக்கப்போகும் மூன்றாமவர்க்கு அங்கு இருக்கை கிடையாது.

அறியாமல் செய்வது என்பது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இந்நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2003 அக்டோபரில் லிபியாவை நோக்கிச் சென்ற ஒரு கப்பல் இத்தாலியத் துறைமுகம் ஒன்றுக்குத் திருப்பப்பட்டது. அதிலிருந்த பெட்டிகளில், யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களுக்கான உறுப்புகள் இருந்தன. அவை ஷா ஆலமில் ஒரு பொறியியல் தொழிற்கூடத்தில் கடைந்தெடுக்கப்பட்டவை. பாகிஸ்தானிய அறிவியலார் அப்துல் காதிர் கானின் இரகசிய அணுவணிகத்தோடு அவற்றுக்கு இருந்த தொடர்பு பின்னர் வெளிப்பட்டது. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான உறுப்புகள் என்றே எண்ணியதாக நிறுவனத்தார் கூறினர். அவர்கள் அறிந்து செய்ததாகத் தெரியவில்லை என்றே 2004-இல் மலேசியக் காவல்துறையும் தன் அறிக்கையில் கூறியது. கடைசல் பொறியின் முன் நின்ற இளைஞன் தன் வேலையைச் செவ்வையாகவே செய்தான். அளவு நுணுக்கம் தவறவில்லை. கூலியும் நேர்மையாகவே வந்தது. இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

பொன்முடியாரின் கொல்லனுக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். அந்தக் கொல்லன் வேல் வடித்தது தன் ஊர்ப் பிள்ளைக்கு. அவன் தாயை அறிவான், தந்தையை அறிவான். அவன் சான்றோனாக வளர்ந்தானா என்பதையும் அறிவான். பாட்டில் சான்றோனாக்கும் கடன் முன்னும், வேல் வடிக்கும் கடன் பின்னுமாக நிற்பதைக் காண்க. கையைக் கண்ட பிறகே வேல் வருகின்றது. இன்றைய கொல்லன் எந்தக் கையையும் காண்பதில்லை. அவன் காண்பது வரைபடமும் விலைப்பட்டியலுமே.

காண வழியில்லை என்று சொல்லித் தப்புவது இப்பொழுது சட்டத்தின்முன்னும் எளிதன்று. 2010-ஆம் ஆண்டின் மலேசிய உத்திசார் வணிகச் சட்டம், அமைதிக்கும் அழிவுக்கும் ஒருங்கே பயன்படும் பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகின்றது. பட்டியலில் இல்லாத பொருளாயினும், அது பேரழிவுப் படைக்கலத்துக்குப் போகிறது என்று ஐயுறத் தக்க காரணம் இருந்தால், வாளாவிருப்பது குற்றம் என்னும் அளவுக்கு அது செல்கின்றது. சட்டம் ஏற்றுமதி செய்பவரையே கேட்கின்றது. அறமோ அதற்கு முன்பே, மானியத்திற்கு விண்ணப்பம் எழுதும் நாளிலேயே கேட்க வேண்டும். நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனமாக வளர்ந்து, படைத்துறையே அதன் ஒரே வாடிக்கையாளராகவும் ஆன பின்பு, 'இக்கருவி யார்மீது பாயும்? யாருக்கு விற்கப்படும்? மறுப்பதற்கு எனக்கு உரிமை உண்டா?' என்று கேட்கும் துணிவு எளிதில் வாராது. மூவர் மட்டும் ஒரு வாடகைக் கடையில் அமர்ந்திருக்கும்போது கேட்பது எளிது. அரசு தருவதும் தன் பொருளன்று. மீன் விற்பவரும் பேருந்து ஓட்டுபவரும் செலுத்திய வரி அது. எனவே அப்பொருளைப் பெற்றவன் அமைச்சகத்துக்குக் கணக்குக் காட்டுவதோடு அவன் கடன் தீர்ந்துவிடாது. இராணுவ இரகசியம் என்று ஒன்று உண்டு. அதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் கருவியின் நுட்பத்தை மறைப்பது வேறு. அதன் நோக்கத்தை மறைப்பது வேறு.

அவ்வாறு கேட்டவர் உண்டா? போலந்தில் பிறந்த இயற்பியலார் ஜோசப் ரோட்பிளாட் அணுகுண்டு செய்யும் பணிக்கு 1944-இல் லாஸ் அலமோசுக்குச் சென்றார். ஹிட்லர் முந்திக்கொள்வான் என்னும் அச்சமே அவரை அங்கே கொண்டு சென்றது. ஜெர்மனியில் அம்முயற்சி கைவிடப்பட்டது என்று அவ்வாண்டின் இறுதியில் தெரிந்தது. வேல் எந்தக் கைக்கு எதிராக வடிக்கப்பட்டதோ அந்தக் கை இல்லையென்றானதும், அவர் பணியை விட்டு வெளியேறினார். பிறகு கதிரியக்கத்தை மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் ஆய்வில் ஈடுபட்டார். 1995-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. அங்கிருந்த அறிஞர்களுள் மனச்சான்றைக் காரணமாகக் கொண்டு இடையில் விலகியவர் அவர் ஒருவரே என்பர். ஆயிரக்கணக்கானோருள் ஒருவர் என்பது நம்பிக்கை தருவதா, அச்சம் தருவதா என்பதை அவரவரே தேர்ந்து கொள்க.

விலகாமலே வேறு வழி கண்டவர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். 1989 மே திங்களில் அக்னி ஏவுகணையை விண்ணில் செலுத்திய குழுவின் தலைவர் அவர். படைக்கலம் செய்ததற்காக அவர் என்றும் நாணியதில்லை. ஏவுகணைக்கென உருவாக்கிய மிக இலேசான கரிமக் கலவைப் பொருளை, ஐதராபாத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்த எலும்பு முறிவு மருத்துவர் ஒருவர் கையிலெடுத்துப் பார்த்தார். பார்த்தவர் கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே இளம்பிள்ளை வாதத்தால் கால் நலிந்த சிறுவரும் சிறுமியரும் 3 கிலோவுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிகளை இழுத்து இழுத்து நடந்து கொண்டிருந்தனர். சில வாரங்களில் 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் செய்து தரப்பட்டன. பிள்ளைகள் நடந்தனர், பிறகு ஓடினர், பெற்றோர் அழுதனர் என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஏவுகணைக் கூடத்துக்குள் அந்த மருத்துவரை அன்று உள்ளே விட்டவர் யாரென்பதை மட்டும் எவரும் சொன்னதாகத் தெரியவில்லை.