கைக்கு எட்டியவர்களின் குருதி

ஓர் ஊரில் ஒரு நோய் அரிது என்று சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம்? நோயுற்றவர் இல்லை என்பதையா? அல்லது, அவர் நம்மிடம் வாய் திறக்கவில்லை என்பதையா? பாகலூரிலும் ஓசூரிலும் ஆலைகளை நம்பி வந்த பல மாநிலத்து இளைஞர் ஒற்றை அறைகளில் வாழ்கின்றனர். அடுத்த அறையில் இருப்பவர் எவரென்றே அறியாத இவ்விடத்தில், எய்ட்ஸைப் பற்றி "இங்கெல்லாம் அது கிடையாது" என்று உறுதி கூறுவோரும் உள்ளனர். அப்போதெல்லாம் 1980களின் சென்னையை எண்ணிப் பார்க்கிறோம்.

1981 ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஐந்து இளைஞரைப் பற்றி வெளிவந்த குறிப்பே இந்நோயின் முதல் மருத்துவப் பதிவு. ஐவரும் தன்பாலீர்ப்புடைய ஆண்கள். ஆகவே இது மேலைநாட்டு ஒழுக்கக்கேட்டின் கூலி, நம்மை அணுகாது என்று நம் நாட்டவர் பலர் எளிதில் முடிவு கட்டினர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அம்முடிவோடு அமையவில்லை. இருநூறு பேரின் இரத்த மாதிரிகளைத் திரட்டுமாறு தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவைப் பணித்தார். பாலியல் தொழிலில் இருந்த பெண்கள், தன்பாலீர்ப்புடைய ஆண்கள், ஆப்பிரிக்க மாணவர் ஆகியோரிடம் அவற்றைப் பெற வேண்டும் என்பது திட்டம். கிடைத்தவை ஏறத்தாழ 80. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 பிப்ரவரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமியின் தடயம் தென்பட்டது.

அந்த ஆறும் யாருடையவை? காவலர் பிடித்துக் காப்பு இல்லத்தில் அடைத்திருந்த பெண்களுடையவை. நாட்டின் அறிவு இங்ஙனம் பூட்டிய கதவுக்குள் பிறந்தது. எய்ட்ஸுக்கான சோதனை என்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணினர். இதைப் பின்னாளில் நிர்மலாவே மறைக்காமல் கூறினார். அவ்வாய்வின் துணிவை நாம் போற்றுகிறோம். அது எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆயினும் நன்மைக்காகச் செய்யப்பட்டது என்பதனால் மட்டும், கேட்கப்படாத சம்மதம் கேட்கப்பட்டதாகிவிடாது.

ஆண்களோ தங்கள் வீடுகளில் இருந்தனர். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு நடப்பில் இருந்த காலம் அது. 'நான் இன்னான்' என்று சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு ஒப்பாயிருந்தது. எளியவள் கைக்கு எட்டினாள், எண்ணப்பட்டாள். மறைய இடமுள்ளவன் மறைந்தான். பழியும் எண்ணப்பட்டவள் மீதே விழுந்தது.

தாமாகவே முன்வந்தவருக்கு நேர்ந்ததையும் பார்ப்போம். கோவாவின் கத்தோலிக்க இளைஞர் டொமினிக் டிசூசா இரத்த தானம் செய்துவந்தவர். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும், 1989இல் காவலர் அவரைக் கொண்டுபோய், கைவிடப்பட்ட காசநோய் மருத்துவமனையில் 64 நாள் அடைத்து வைத்தனர். அதைக் கண்ட எந்த ஆண் பிறகு சோதனைக்கு வருவான்?

இறைமக்கள் நம்மிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவது ஏன்? குருவின் வாய்க்குத் திருச்சபை முத்திரை இட்டிருக்கிறது. அம்முத்திரை உடையுமாயின் மறுவாரமே நம் பங்கில் பாவிகளே இல்லை என்று தோன்றும்! குறைந்த எண்ணிக்கையை நாம் ஐயுறுவது இதனாலேயே. 2021ஆம் ஆண்டின் தேசியக் கணிப்பில் வயதுவந்தோரிடையே இத்தொற்று ஏறத்தாழ 0.2 விழுக்காடு, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே அது 3 விழுக்காட்டிற்கும் மேல். வாய் திறந்தபோதுதான் இவ்வேறுபாடு நமக்குத் தெரிகிறது.

377ஆம் பிரிவு, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவைப் பொறுத்தவரை, 2018 செப்டம்பரில் செல்லாததாயிற்று. சம்மதமின்றிச் சோதிப்பதையும், ஒருவரின் நோயை வெளியிடுவதையும் தடுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அதே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. தன்பாலீர்ப்புடையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநீதியாக ஒதுக்கலாகாது என்று நமது மறைக்கல்வி ஏடு 1992 முதல் கூறிவருகிறது. அவர்தம் உறவைப் பற்றிய அதன் தடையை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

இன்று அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்கள் உள்ளன. சோதனை இலவசம், செய்தி வெளியே செல்லாது. ஆனால் வாயிலில் தயங்கி நிற்கும் இளைஞன் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதில்லை. வரிசையில் தன் பங்கைச் சேர்ந்தவர் எவரேனும் இருக்கிறாரா என்றே பார்க்கிறான்.