பழைய மோட்டார் சைக்கிளும் ஐந்தாம் கற்பனையும்



கொடுக்கல் வாங்கலில் செய்யும் குற்றம் ஏழாம் கற்பனைக்கு விரோதம் என்று ஞானோபதேச வகுப்பிலேயே நாம் படித்திருக்கிறோம். கள்ளத் தராசு, கலப்படம், பொய்க் கணக்கு, கூலியைப் பிடித்துக்கொள்ளுதல் ஆகிய யாவும் அந்தக் கற்பனையின் கீழ் அடங்கும். ஆனால் சில பொருள்களை விற்கும்போது ஏழாம் கற்பனையோடு ஐந்தாம் கற்பனையும், அதாவது கொலையைத் தடுக்கும் கற்பனையும், பக்கத்தில் நின்று நம்மைக் கணக்குக் கேட்கிறது. இன்று நம்மில் பலருடைய வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் அப்படிப்பட்ட பொருள். பழைய வண்டியை, ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவனுக்கு விற்பதைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

ஒரு திருஷ்டாந்தம் வைத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டும் ஒருவரிடம் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்று இருக்கிறது. நம் தேசத்தில் 1985-ல் செய்யத் தொடங்கி 1996-ல் நிறுத்தப்பட்ட வண்டி அது. இத்தனை வருஷமாகியும் அதன் சத்தத்துக்கும் பாய்ச்சலுக்கும் மயங்கி, வாலிபர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். விற்கிறவருக்குப் பணமுடை, மகளுடைய நர்ஸ் படிப்புக்குக் கட்டணம் கட்டவேண்டும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினெட்டு வயது நிரம்பிய பையன் ஒருவன் வருகிறான். நூற்பு மில்லில் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது. லைசென்சு வாங்குவதற்காகச் சில நாள் கியர் வண்டி ஓட்டியதைத் தவிர, இதுவரை அவன் ஓட்டியதெல்லாம் தகப்பனாருடைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 தான். வண்டியைச் சுற்றி வருகிறான். ஒருமுறை முறுக்கிப் பார்க்கிறான். "நல்லாயிருக்கு அண்ணாச்சி, எடுத்துக்கிறேன்" என்கிறான்.

விற்கிறவருக்கு மூன்று சங்கதிகள் தெரியும். முன் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. எப்போதோ கீழே விழுந்ததில் முன் போர்க் சற்று வளைந்திருக்கிறது. வேகம் கூடினால் ஹேண்டில் ஆடும். மூன்றாவது, இந்தப் பையனுடைய கைக்கு இந்த வண்டி அடங்காது. இவற்றில் எதை அவர் சொல்லக் கடமைப்பட்டவர்?

நம் ஊர்களில் சாதாரணமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "அதற்காகத்தானே விலையைக் குறைத்துக் கொடுத்தேன்!" இந்தப் பதிலைத்தான் நாம் நன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தமது பெரிய வேதசாஸ்திரத் தொகுப்பிலே, விற்கிறவன் தன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்று தனியாகக் கேட்டு ஆராய்ந்திருக்கிறார். குறை கண்ணுக்குத் தெரிவதாயிருந்து, அதற்கேற்ப விலையும் குறைக்கப்பட்டிருந்தால், வாய்விட்டுச் சொல்லும் கடமை இல்லை என்கிறார். ஒற்றைக்கண் குதிரையை அதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். ஆனால் குறை மறைந்திருந்து, வாங்குகிறவனுக்கு நஷ்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்குமானால், அதைச் சொல்லாமல் விற்பது வஞ்சனை என்றும், அதனால் வரும் நஷ்டத்துக்கு விற்றவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்றும் தீர்க்கிறார். நொண்டிக் குதிரையை வேகக் குதிரையென்று விற்பதும், இடியும் வீட்டை உறுதியான வீடென்று விற்பதும் அவர் கூறும் உதாரணங்கள். அதே சமயம் அவர் விற்கிறவன்மேல் எல்லாப் பாரத்தையும் சுமத்தவில்லை. பின்னால் வேறு வியாபாரிகள் தானியம் கொண்டுவருகிறார்கள், விலை இறங்கும் என்று அறிந்த வியாபாரி அதைச் சொல்ல நீதிப்படி கட்டாயமில்லை. சொன்னால் அது அதிகப் புண்ணியம் என்கிறார்.

நஷ்டம், ஆபத்து என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். தேய்ந்த செயினுக்காக ஆயிரம் ரூபாய் குறைத்தால் வாங்குகிறவனுடைய நஷ்டம் ஈடாகிறது; ஏழாம் கற்பனைக்குக் கணக்குத் தீர்ந்தது. தேய்ந்த பிரேக்குக்காக ஆயிரம் ரூபாய் குறைத்தாலோ, பையனுடைய சட்டைப்பையில் ஆயிரம் ரூபாய் மிஞ்சுகிறதே தவிர, வண்டி ஓரடி முன்னதாக நிற்கப்போவதில்லை. பணம் ஆபத்தை ஈடு செய்யாது. உண்மையைச் சொல்லுவதும், குறையைச் சரிசெய்வதுமே ஐந்தாம் கற்பனைக்குச் செலுத்தும் கடன்.

"குறை கண்ணுக்குத் தெரியத்தானே செய்கிறது? டயர் மொட்டையாயிருப்பதை அவன் பார்க்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். யாருடைய கண்ணுக்குத் தெரிகிறது என்பதே கேள்வி. மெக்கானிக் கண்ணுக்கு வெளிப்படையான குறை, புதியவன் கண்ணுக்கு மறைவான குறை. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் குருடனுக்கு முன்னே தடுக்கல் வைப்பதைத் தடை செய்கிறது. தடுக்கல் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்திலேதான் கிடக்கிறது. ஆனாலும் குருடனுக்கு அதனால் என்ன பயன்?

நிற்க, மூன்றாவது சங்கதிக்கு வருவோம். வண்டியில் குறையில்லை, குறை ஓட்டுகிறவனுடைய பழக்கத்தில் இருக்கிறது. அதையும் விற்கிறவர் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். எக்ஸ்.எல். 100, ஆர்.எக்ஸ். 100 ஆகிய இரண்டுமே ஏறக்குறைய நூறு சி.சி. வண்டிகள். பெயரிலுள்ள எண்ணும் ஒன்றே. ஆகவே புதியவன் இரண்டும் ஒன்றென்று எண்ணிக்கொள்கிறான். ஆனால் முன்னதன் சக்தி சுமார் 4 குதிரைத்திறன். பின்னதன் சக்தி சுமார் 11. முன்னதில் கிளச்சும் கியரும் கையாள வேண்டியதில்லை. பின்னதோ முறுக்கியதும் பாயும். அது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆனபடியால், முறுக்கை விட்டாலும் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் தன்மை குறைவு. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புது வண்டிகளில் 125 சி.சி. வரை இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடும், அதற்கு மேல் ஏ.பி.எஸ். என்னும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏற்பாடும் கட்டாயம். 1996-க்கு முந்திய வண்டியில் இவை ஒன்றும் கிடையா. இந்த வித்தியாசமெல்லாம் பல வருஷம் ஓட்டியவருடைய கைக்குத் தெரியும். பையனுடைய கைக்குத் தெரியாது.

நம் சாலைகளும் இதற்கு ஏற்றவையே என்று சொல்ல முடியாது. மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலையில் லாரிகள் பறக்கின்றன. கிராமத்துப் பாதைகளிலோ இருபுறமும் சீமைக் கருவேல் நெருங்கி வளைவை மறைக்க, ஆட்டுமந்தை திடீரென்று குறுக்கே வரும். மழை பெய்தால் டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய கரிசல் மண் தார்ச்சாலையில் அப்பிக்கொண்டு வழுக்கும். அறுவடைக் காலத்தில் உளுந்தையும் குதிரைவாலியையும் சாலையிலேயே பரப்பிவிடுகிறோம். அதன்மேல் புதியவன் பிரேக்கை அழுத்தினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டுமோ? மத்திய சர்க்கார் கணக்குப்படி 2022-ல் நம் தேசத்தில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வருஷம் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு.

இது நமக்குப் புதிய நியாயமும் அல்ல. மாடு விற்ற நம் முன்னோர், இது இடப்பக்கம் பழகிய மாடு, இது முட்டும் மாடு, சிறுவர் கையில் கொடுக்காதே என்று சொல்லிக் கயிற்றைக் கொடுப்பது மரியாதையென்று அறிந்திருந்தார்கள். மோயீசன் காலத்துச் சட்டமும் அதுவே. மாடு முட்டுமென்று முன்பே அறிந்தும் கட்டிவைக்காதவனுடைய குற்றம், அறியாதவனுடைய குற்றத்தைவிட மிகப் பெரியது என்று யாத்திராகமம் 21-ம் அதிகாரம் காட்டுகிறது. அறிவு எங்கே உண்டோ, அங்கே கடமையும் உண்டு.

அரசாங்கச் சட்டம் என்ன சொல்லுகிறது? 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ம் பிரிவில் ஒரு குதிரைக் கதை இருக்கிறது. ஏலத்தில் நோயுள்ள குதிரையை விற்கிறவன் பேசாமலிருந்தால், அம்மட்டில் அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குகிறவள் அவனுடைய மகளாக, அப்பொழுதுதான் வயதுக்கு வந்தவளாக இருந்தால், சொல்லியே தீரவேண்டும். "நீர் மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்று கொள்வேன்" என்ற கருத்தில் ஒருவன் கேட்டபிறகு வாய்மூடியிருந்தால், அந்த மௌனமும் பேச்சாகவே எண்ணப்படும். சட்டம் அந்நியனுக்கு ஒரு நியாயமும் மகளுக்கு ஒரு நியாயமும் வைக்கிறது. சட்டத்துக்கு அது போதும். எரிக்கோ பாதையில் அடிபட்டுக் கிடந்தவனுடைய உவமையைக் கேட்டிருக்கிற நமக்கு அது போதாது. மகளுடைய கட்டணத்துக்காக விற்கிறவர், வாங்க வந்தவனும் ஒரு தாயின் மகன் என்பதை நினைக்கட்டும்.

இனி சில ஆட்சேபங்கள். "நான் கொடுக்காவிட்டால் வேறொருவன் கொடுப்பான்" என்பார்கள். இருக்கலாம், அவன் தன் கைக்குக் கணக்குச் சொல்லுவான், நாம் நம் கைக்குச் சொல்லவேண்டும். "புரோக்கரிடம் சொல்லிவிட்டேன்" என்பார்கள். அவர் வாங்குகிறவனிடம் சொல்லமாட்டார் என்று தெரிந்தே சொன்னால், அது சொல்லாததற்குச் சமம். "வயதுக்கு வந்தவன், அவன் புத்தி அவனுக்கு" என்பது இவற்றைவிடப் பலமான ஆட்சேபம். சர்வேசுரன் மனிதனுக்குச் சுயாதீனம் கொடுத்திருக்கிறார். வாங்குகிறவனைக் குழந்தையாக நடத்த நமக்கு உரிமையில்லை. ஆகவே லைசென்சு உள்ளவன், குறைகளையெல்லாம் கேட்டறிந்து, ஆபத்தையும் உணர்ந்து, வாங்குவேன் என்றால், விற்பது பாவமல்ல. ஆனால் அறியாதவன் செய்யும் தெரிவு முழுச் சுயாதீனமான தெரிவல்ல. உண்மையைச் சொல்லுவதே அவனுடைய சுயாதீனத்துக்கு நாம் செய்யும் மரியாதை. லைசென்சு இல்லாதவனுக்கும், பதினெட்டு நிரம்பாதவனுக்கும், குடித்துவிட்டு வருகிறவனுக்கும், பந்தயம் ஓட்டத்தான் வாங்குகிறேன் என்கிறவனுக்கும் வண்டியை ஓட்டிப்போகக் கொடுக்கவே கூடாது.

"எனக்கும் கஷ்டம் இருக்கிறதே" என்பதை நான் அற்பமாக எண்ணவில்லை. மழை பொய்த்த வருஷத்தில் சில ஆயிரம் ரூபாய் என்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்பது நம் பூமியில் எல்லாருக்கும் தெரியும். உண்மைக்கு விலை உண்டு. அந்த விலையைச் சில சமயம் ஏழையும் கொடுக்கவேண்டியிருக்கிறது. ஆனாலும் பிரேக் கட்டை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். போர்க்கை நிமிர்த்தி, அந்தச் செலவை வெளிப்படையாக விலையில் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை.

ஆகவே, பிரியமானவர்களே, விற்கும்போது இவ்வளவும் செய்யுங்கள். வாங்குகிறவனுடைய லைசென்சைப் பாருங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மாத்திரம் உரியதா என்றும் கவனியுங்கள். கேட்காமலே குறையைச் சொல்லுங்கள். அவனுக்கு வேண்டிய மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். கூடுமானால் தாய் தகப்பன் முன்னிலையில் பேசுங்கள். ஆளில்லாத பொட்டலில் இரண்டு நாள் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழக்குங்கள். ஹெல்மெட் இல்லாமல் வாசல் தாண்ட விடாதீர்கள்.

படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டு, பெயர் மாற்றத்தையும் முடித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் 14 நாளைக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரு வண்டி பல கை மாறியிருந்தாலும், ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்கு நஷ்டஈடு கொடுக்கப் பொறுப்பாளி என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. வயது நிரம்பாதவன் ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டென்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முதல் சம்பளம் வாங்கிய மகன் கேட்டான் என்பதற்காக, எந்த வண்டி, யாரிடம், என்ன நிலையில் என்று விசாரியாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பது பாசமல்ல.

ஏற்கெனவே குறையை மறைத்து விற்றவர்கள் யாரேனும் இருந்தால், இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். பிரேக்கை உங்கள் செலவிலேயே மாற்றிக் கொடுங்கள். வெட்கமாயிருக்கும்; ஆனால் விபத்து நடப்பதற்கு முன் சொல்லும் உண்மைக்கு மாத்திரமே அதைத் தடுக்கும் சக்தி உண்டு. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, கொடுக்கல் வாங்கலை ஏழாம் கற்பனையின் கீழ் சோதித்த பிறகு, ஐந்தாம் கற்பனையின் கீழும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வண்டி நம் வாசலைவிட்டுப் போனாலும், அதைப்பற்றி நாம் அறிந்தது நம் மனச்சாட்சியிலேயே தங்கிவிடுகிறது.